வளைவுக்குப் பதில் ஒரு கட்டளை

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். ஊருணிக் கரையில் எங்களுக்கு ஒரு பூங்கா உண்டு, ஒன்றேகால் ஏக்கர். திறந்து மூன்று வருடம் ஆகிறது. நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு, புல்தரை, நடுவில் செயற்கை நீரூற்று. ஒரு மூலையில் சிமெண்டுத் தளத்தில் பையன்கள் நெட் கட்டி ஷட்டில் ஆடுகிறார்கள். வார நாளில் நூறு பேருக்குள் வருவார்கள், ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர். இப்போது நீரூற்று ஓடவில்லை, புல் காய்ந்துவிட்டது, ஊஞ்சல் ஒன்று அறுந்து கிடக்கிறது. பட்ஜெட்டில் வருடாவருடம் ‘பூங்கா பராமரிப்பு ரூ. 1,50,000’ என்று வருகிறது. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். நுழைவுக் கட்டணம் பத்து ரூபாய் வைக்கலாம் என்று மன்றத்தில் ஒரு பேச்சு. ரோட்டுப் பக்கம் நாலு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று இன்னொரு பேச்சு. இதற்கிடையில், சிங்கப்பூரில் இருக்கும் எங்களூர்க் குடும்பம் ஒன்று, தங்கள் அப்பச்சி (தகப்பனார்) பெயரில் நுழைவு வளைவு கட்ட ஐந்து லட்சம் தருகிறோம் என்கிறது. எதைச் செய்வது? காலையில் நடக்க வருகிறவர்கள் கேட் சாவியைத் தங்களிடம் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? ஊர்ப் பெயர் போட வேண்டாம் ஐயா.

பதில்:

அம்மா, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுந்து கிடக்கும் ஊஞ்சலை இன்றைக்கே கழற்றி எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஊஞ்சலையும் ஏணி போட்டுப் பாருங்கள். மேலே சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கி, கம்பியோடு உரசி உரசி உள்பக்கம் தேய்ந்துகொண்டே வரும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு கொக்கிக்கும் ஒரு முழச் சங்கிலிக்கும் மதிப்பீடு, தீர்மானம் என்று காத்திருக்க வேண்டியதில்லை, சில்லறைச் செலவில் செயல் அலுவலரே முடித்துவிடலாம். பிள்ளை விழுந்து கை முறிந்தால் அதற்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் பணம் கிடையாது.

சரி, இனி பணம்.

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் உங்கள் 1,50,000 எனக்குப் பழகிய எண். மூன்று வருடமும் ஒரே தொகை என்றால் அதை யாரும் கணக்குப் போட்டு எழுதவில்லை, போன வருடப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பூங்காவின் உண்மையான செலவு அந்த வரியில் இல்லவே இல்லை. காலையில் குப்பை கூட்டுகிற ஆளின் கூலி துப்புரவுப் பணி ஒப்பந்தத்தில் இருக்கும். விளக்குக்கு எரிகிற கரண்ட், தெருவிளக்கு மின்கட்டணத்தோடு சேர்ந்து போயிருக்கும். மோட்டார் காயில் கட்டிய செலவு குடிநீர்ப் பராமரிப்பில் ஏறியிருக்கும். ஆக, ‘பூங்கா பராமரிப்பு’ என்ற தலைப்பில் இருக்கும் ஒன்றரை லட்சத்துக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. பிப்ரவரியில் வேறு ஏதாவது அவசரம் வரும், அது அந்தப் பக்கம் போய்விடும். நிதி இல்லை என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது.

அதனால் கட்டணமா, கடையா, வளைவா என்று பேசுவதற்கு முன்னால், இந்தப் பூங்காவை ஒரு வருடம் ஒழுங்காக வைத்திருக்க என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இளநிலை உதவியாளரை உட்கார வைத்து, மூன்று பேரேட்டிலிருந்தும் பூங்கா சம்பந்தமான பற்றுகளைப் பிரித்தெடுக்கச் சொன்னால் ஒரு நாள் வேலை. நான் இங்கே உங்கள் கடிதத்தை வைத்துத் தோராயமாகப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆட்கூலி. காலை ஒருவர், மாலை ஒருவர் என்று இரண்டு பேர். மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் தினக்கூலி எவ்வளவோ அதைப் போட வேண்டும். கணக்குக்கு 600 ரூபாய் என்று வைத்தால் ஒரு ஆளுக்கு வருடம் 2,16,000, இரண்டு பேருக்கு 4,32,000. பார்த்தீர்களா, ஆட்கூலி மட்டுமே உங்கள் பட்ஜெட் வரியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

அப்புறம் மின்சாரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பூங்காவைத் திட்டம் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 3 குதிரைத்திறன் போர் மோட்டார் தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் சுமார் நாலரை யூனிட், மாதம் 135. 30 வாட் எல்இடி விளக்கு 20, இரவு பத்து மணி நேரம் எரிந்தால் தினம் 6 யூனிட், மாதம் 180. இரண்டும் சேர்ந்து 315. இப்போது உங்கள் நீரூற்று. அந்த மாதிரி நீரூற்றுக்கு 5 குதிரைத்திறன் பம்பு போட்டிருப்பார்கள். சாயங்காலம் மூன்று மணி நேரம் ஓட்டினால் தினம் 11 யூனிட்டுக்கு மேல், மாதம் 336. பூங்கா முழுவதற்கும் தண்ணீர் இறைத்து, விளக்கும் போடுகிற கரண்டை விட, பிள்ளைகள் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிற நீரூற்று அதிகம் தின்கிறது. அது பழுதானது உங்கள் நல்ல காலம். ரிப்பேர் பார்க்காதீர்கள். தொட்டியைத் தூர்த்து ஒரு புங்கங்கன்று வையுங்கள். யாராவது கேட்டால் இந்த யூனிட் கணக்கை மன்றத்தில் வாசியுங்கள்.

நீரூற்றை விட்டுவிட்டால் மின்சாரம் வருடம் 38,000 அளவில் நிற்கும் என்று வைப்போம். மோட்டார், குழாய் ரிப்பேர் 40,000. எரு, கன்று, பெயிண்ட், மண்வெட்டி, துடைப்பம் எல்லாம் சேர்த்து 30,000. இதுவரை எல்லாரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுவது ஒன்று உண்டு: மாற்றுச் செலவு. ஊஞ்சல், சறுக்கு, விளக்குக் கம்பம், மோட்டார் எல்லாம் சேர்ந்து எட்டு லட்சம் பெறும், சராசரியாகப் பத்து வருடம் உழைக்கும் என்றால், வருடம் 80,000 ரூபாய் தனியே எடுத்து வைக்க வேண்டும். நம் உள்ளாட்சிக் கணக்கில் தேய்மானம் என்று ஏட்டில் காட்டுகிறோம். சொத்தும் கடனும் காட்டுகிற ஐந்தொகையில் அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அதற்கு ஈடாக வங்கியில் ஒரு ரூபாயும் இருக்காது. பத்தாவது வருடம் எல்லாம் ஒன்றாக உடையும், அப்போது எந்தத் திட்டத்தில் பணம் வரும் என்று கோட்டையைப் பார்த்து நிற்போம்.

கூட்டினால் 6,20,000.

மலைக்க வேண்டாம். குறைக்க வழி இருக்கிறது. முழுநேரம் ஒரு தோட்டக்காரர் போதும். கூட்டிப் பெருக்குவதற்கு மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து அரை நாள் கூலிக்கு ஒருவர். 2,16,000, அதோடு 1,08,000, ஆக 3,24,000. மொத்தம் 5,12,000 ஆகிவிட்டது. அடுத்தது புல்தரை. நம் செம்மண் பூமியில், சித்திரை வெயிலில், ஒரு சதுர மீட்டர் புல்லுக்குத் தினம் ஐந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஆயிரம் சதுர மீட்டர் புல் என்றால் தினம் 5,000 லிட்டர், ஒரு சின்ன டேங்கர் லாரி. வீடுகளுக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் குடிநீர் விடுகிற ஊரில் இது எடுபடாது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் மணல் பரப்புங்கள். மற்ற இடத்தில் வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை என்று நிழல் மரம். ஐப்பசியில் வைத்தால் மார்கழி வரை மழையே பார்த்துக்கொள்ளும், முதல் இரண்டு கோடை மட்டும் நாம் ஊற்ற வேண்டியிருக்கும்.

செலவைப் பன்னிரண்டாக வகுத்து மாதாமாதம் ஒரே தொகை ஒதுக்குவதும் சரிப்படாது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தண்ணீர்ச் செலவு, பள்ளி லீவு என்பதால் கூட்டமும் அப்போதுதான். அக்டோபர், நவம்பரில் கன்று நடவு, களை. மழைக்காலத்தில் மோட்டார் ஓடாது, ஆனால் விளக்குப் பெட்டியில் தண்ணீர் இறங்கும். மாதவாரியாக எழுதி வைத்தால், ஆகஸ்டிலேயே ‘அக்டோபருக்குக் கன்று வாங்க 8,000 வேண்டும்’ என்று கேட்க முடியும். அக்டோபரில் போய்க் கேட்டால் கிடைப்பது தை மாதம்தான்.

இனி நுழைவுக் கட்டணம். என் யோசனை: வேண்டாம். கணக்கே இடிக்கிறது. டிக்கெட் கொடுக்க ஒரு ஆள் போட வேண்டும். அவருக்கு 600 ரூபாய் கூலி என்றால் அறுபது டிக்கெட் அவர் கூலிக்கே போய்விடும். வார நாளில் நூறு பேருக்குள் வருகிறார்கள் என்கிறீர்கள். அதில் பாதி காலையில் நடக்கிறவர்கள், அவர்கள் பத்து ரூபாய் கொடுக்க மாட்டார்கள், ரோட்டில் நடப்பார்கள். மீதியில் பாதி சின்னப் பிள்ளைகள். கைக்கு வருவது 200, 250 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை வருவது வார நாள் நஷ்டத்துக்குக் காணாது. இன்னொன்று, ஆள் நடமாட்டம் குறைந்த பூங்காவில் இரவு பாட்டில் உருளும். அதைச் சரிபண்ண ஒரு காவலாள், அவருக்கு ஒரு கூலி.

பெங்களூர் லால்பாகில் கட்டணம் வாங்குகிறார்களே என்பார்கள். அங்கேயும் காலையில் நடக்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி போட்டு, ஊர்பட்ட கூட்டத்தைக் கூட்டி, அப்போதுதான் நிறைய டிக்கெட் விற்கிறார்கள். ஊட்டியிலும் பெருங்கூட்டம் மே மாதக் கண்காட்சிக்குத்தான். வெளியூர்க்காரன் ஒரு தடவை பார்க்க வருகிற தோட்டத்துக்கு டிக்கெட் சரி. பக்கத்துத் தெரு ஆயா பேரனைக் கூட்டிக்கொண்டு தினம் வருகிற பூங்காவுக்குச் சரிப்படாது. அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளின் பணிகளாக எழுதியிருப்பதில் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஒன்று, தெருவிளக்கு இன்னொன்று. தெருவிளக்கு இந்த மாதம் என்ன சம்பாதித்தது என்று எந்த மன்றத்திலும் யாரும் கேட்பதில்லை.

அதற்காக ஒன்றுமே வசூலிக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் பூங்கா, பொழுதுபோக்குத் துறை என்று நகரத்துக்கு நகரம் தனித் துறையே உண்டு. அவர்கள் கட்டணத்தைப் பிரமிடு மாதிரி அடுக்குவார்கள். ஊருக்கே பொதுவாகப் பயன்படுவது அடித்தட்டு: நடைபாதை, மரநிழல், ஊஞ்சல். அதற்கு வரிப்பணம். மேலே போகப் போகத் தனி ஆளுக்குப் பயன்படுவது: பயிற்சி வகுப்பு, மைதான முன்பதிவு, விருந்துக்கு இடம். உச்சியில் இருப்பதற்கு முழுச் செலவையும் பயன்படுத்துகிறவரே கொடுக்க வேண்டும். நம்மூருக்கும் இது பொருந்தும். எல்லாரும் அனுபவிப்பதற்குக் காசில்லை, ‘இந்த ஒரு மணி நேரம் எனக்கு மட்டும்’ என்று ஒதுக்கிக்கொள்வதற்குக் காசு.

உங்கள் பூங்காவில் அப்படி மூன்று இருக்கின்றன. ஷட்டில் தளம்: கோடு போட்டு, இரண்டு விளக்கு வைத்து, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மணிக்கு 100 ரூபாய். நாலு பேர் ஆடினால் தலைக்கு 25. மாதம் 25 நாள் முழுக்க நிரம்பினால் 7,500. முழுக்க நிரம்பாது, பாதி என்று எழுதுங்கள், வருடம் 45,000. ஆறு மணிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். இதை எழுதாமல் விட்டால் இப்போது ஆடுகிற பையன்களைத் துரத்திவிட்டு ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டாவது, போட்டோ. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக நின்று எடுக்கிற படப்பிடிப்புக்குச் செட்டிநாட்டு வீடுகளைத் தேடி வருகிறவர்கள் ஊருணிப் படித்துறையை விடுவதில்லை. தடவைக்கு 500. வருடம் 30 வந்தால் 15,000. சினிமாக் கம்பெனி வந்தால் தனி ரேட், முன்பணம், சேதத்துக்கு வைப்புத்தொகை. மூன்றாவது, கேட்டுக்கு வெளியே ஒரு டீ வண்டிக்கு உரிமம், மாதம் 1,500, வருடம் 18,000. மொத்தம் 78,000.

கணக்கு சின்னதுதான். ஆனால் சின்ன வசூல்தான் சீக்கிரம் ஒழுகும். வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. இப்போது வேலை சுலபம், பேரூராட்சிக் கணக்குக்கு நேரே போகிற மாதிரி க்யூஆர் அட்டை ஒட்டிவிடுங்கள். யாருடைய சொந்த நம்பருக்கும் போகக் கூடாது, அதை மட்டும் நீங்களே ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். டீ வண்டி உரிமத்தைச் சொத்துவரி மாதிரியே கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கேட்பில் ஏறாத தொகைக்கு நிலுவை என்று ஒன்று வராது. நிலுவை இல்லாததை யாரும் வசூலிக்கப் போக மாட்டார்கள். குத்தகை ஏலம் என்றால், போட்டியில் வீம்புக்கு ஏற்றிக் கேட்டவரிடம் ஜாக்கிரதை. அப்படி எடுத்தவர் இரண்டு மாதத்தில் ஓடுவார், இல்லாவிட்டால் ஜனத்திடம் இரண்டு மடங்கு பிடுங்குவார். குறைந்த தொகையானாலும் முழுசாக முன்பணம் கட்டுகிறவரே நல்ல குத்தகைதாரர்.

ஷட்டில் காசும் போட்டோக் காசும் பொது வரவில் கலந்தால் பூங்காவுக்குத் திரும்பி வராது. ‘பூங்கா வருவாய்’ என்று தனித் தலைப்பு, அந்தத் தொகை பூங்காவுக்கே என்று ஒரு தீர்மானம். இரண்டே வரித் தீர்மானம், அடுத்த கூட்டத்திலேயே பொருளாகக் கொண்டுவாருங்கள்.

நாலு கடை விஷயம் சுருக்கமாக. முதலில் நிலம் என்ன வகை என்று வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பாருங்கள். ஊருணிப் புறம்போக்கு என்றிருந்தால் பேச்சே வேண்டாம், நீர்நிலையில் கட்டடம் கட்டி நீதிமன்றத்தில் நிற்கிற முதல் ஆள் பேரூராட்சியாக இருக்கக் கூடாது. மனைப்பிரிவு போட்டவர் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பொது இடம் என்றாலும் அதே கதை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிக்கிறவர் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது, அது திறந்தவெளியாகவே கிடக்க வேண்டும் என்பதற்குத்தான். தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் போக, கடை வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ரோட்டுப் பக்கம் கடை மறைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது. அது எல்லாவற்றையும் விடப் பெரிய நஷ்டம் என்பேன்.

இப்போது வளைவுக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான்.

கொடுக்க ஆள் இல்லாத ஊருக்கு ஒரு கஷ்டம், கொடுக்க ஆள் நிறைய இருக்கிற நம் சீமைக்கு வேறு கஷ்டம். கட்டிக் கொடுக்க வருவார்கள், நடத்திக் கொடுக்க வருவது அபூர்வம். சலவைக்கல்லில் பெயர் வெட்டின தண்ணீர்ப் பந்தல் தண்ணீர் இல்லாமல் நிற்பதை எத்தனை ஊரில் பார்க்கிறோம். வளைவு ஒரு பைசா வருமானம் தராது, நிழலும் தராது. நாலு வருடத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் கேட்கும். அதன் செலவும் உங்கள் 1,50,000 தலையில்தான்.

ஆனால் கொடுக்கிறவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாம் கேட்டது கட்டடம், அவர்கள் கொடுத்தது கட்டடம். வேறு மாதிரி கேட்கலாமே. கோயிலுக்குக் கட்டளை வைப்பது நகரத்தார் வீடுகளில் பழகிய காரியம். முதலைத் தொடாமல், வருகிற வட்டியில் இன்ன தேதிக்கு இன்ன பூசை என்று எழுதி வைப்பார்கள். தலைமுறை தாண்டியும் அது நடக்கும். பூங்காவுக்கும் அதே மாதிரி ஒரு கட்டளை கேளுங்கள். ஐந்து லட்சத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டால், ஆறரை சதவீத வட்டிக்கு வருடம் 32,500 வரும். நான் மேலே போட்ட எரு, கன்று, பெயிண்ட் செலவு 30,000 முழுக்க அதில் அடங்கிவிடும். ‘இந்தப் பூங்காவின் மரமும் செடியும் இன்னார் கட்டளை’ என்று ஒரு சின்னத் தகடு. அப்பச்சி பெயர் வளைவில் வெயில் காய்வதை விட வேப்பமரத்தடியில் இருப்பது மேல் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு லட்சத்தில் எளிமையான பெயர்ப்பலகை, நாலு லட்சம் கட்டளை என்று பேசிப் பாருங்கள்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க், நகராட்சியிடம் பணமில்லாமல் பாழாய்க் கிடந்த பின், 1980இல் அதற்கென்று ஒரு பராமரிப்பு அறக்கட்டளை தொடங்கினார்கள். அங்கே ஒரு பெஞ்சைத் தத்தெடுத்தால் உங்கள் வாசகம் பொறித்த சின்னத் தகடு அதில் ஏறும். கொடுத்த பணம் பெஞ்சுகளையும் சுற்றியுள்ள இடத்தையும் பராமரிக்கிற நிதிக்குப் போகும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்ததை எல்லாரும் சொல்கிறோம். அதோடு 15 லட்சம் ரூபாய் ரொக்கமும் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தாயிற்று.

கட்டளைப் பணத்தில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, அது பொது நிதிக் கணக்கில் விழக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, தனி வைப்புச் சீட்டு, ‘முதலைத் தொடுவதில்லை, வட்டி இன்ன செலவுக்கு மட்டும்’ என்று மன்றத் தீர்மானம். சம்பளம் போடப் பணம் இல்லாத ஒரு மாதத்தில் வைப்பை உடைத்துவிட்டு, அடுத்த மானியத்தில் வைத்துவிடுவோம் என்று குறிப்பு எழுதுவார்கள். வைக்க மாட்டார்கள். அந்த மாதிரிக் கோப்பைத் தணிக்கையில் நிறையப் பார்த்தாயிற்று. இரண்டு, வருடம் ஒரு தடவை, ஒரே பக்கத்தில் வரவு செலவு எழுதி, படத்தோடு சிங்கப்பூருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். கணக்குக் காட்டினால் நம் ஆட்கள் கேட்காமலே அடுத்த வருடம் கொடுப்பார்கள், தலைமுறை தலைமுறையாக வட்டிக் கணக்கு எழுதி வளர்ந்த வீடுகள். மூன்றாவது, அவர்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்களா, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணம், சட்டம் கட்டுப்படுத்துகிற ‘வெளிநாட்டுப் பங்களிப்பு’ என்ற கணக்கில் வராது. குடியுரிமை மாறியிருந்தால் செயல் அலுவலர் மேலிடத்துக்கு எழுதி, பதில் வந்த பிறகு வாங்கட்டும்.

ஆக, 5,12,000 செலவில் பூங்காவின் சொந்த வருவாய் 78,000, கட்டளை வட்டி 32,500. இரண்டும் சேர்ந்து 1,10,500, ஐந்தில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட. மீதி நாலு லட்சம் பேரூராட்சிப் பொது நிதிதான் போட வேண்டும். மன்றத்தில் அப்போது ஒரு முணுமுணுப்பு வரும். நாலு லட்சத்தை அப்படியே சொல்லாமல், ஊரில் நாலாயிரம் வீடு இருந்தால் வீட்டுக்கு வருடம் நூறு ரூபாய் என்று சொல்லுங்கள். அதில் பெரும்பகுதி துப்புரவு, தெருவிளக்கு, குடிநீர் என்று வேறு பெயரில் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். புதிதாகக் கேட்பது கொஞ்சம்தான், இருப்பதை ஒரே தலைப்பில் கொண்டுவரச் சொல்கிறோம்.

மானியத்தைப் பற்றியும் கேட்பார்கள். 15ஆவது நிதிக்குழு 2021–26க்குக் கொடுத்த மானியத்தில், நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்திலும் சம்பளம் போடக் கூடாது என்றிருந்தது. அதனால் பூங்காவின் ஆட்கூலிக்கு மானியத்தை நம்பாதீர்கள். ஆனால் கட்டிப்போட்ட மானியத்திலேயே உங்கள் பூங்காவுக்கு ஒரு வழி இருந்தது, பலர் கவனிக்கவில்லை. செட்டிநாட்டு ஊர்களில் தெருவில் விழுகிற மழை வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படிதான் ஊரையே அமைத்திருக்கிறார்கள். அந்த வரத்துக்கால் உங்கள் ஊரிலும் எங்கேயோ வீட்டு வாசல் சிமெண்டில் மூடிக் கிடக்கும். அதைத் திறப்பது மழைநீர் சேகரிப்பு வேலை. ஊருணி நிரம்பினால் பூங்கா போர் ஊறும், மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகாது, டேங்கர் செலவும் இல்லை. இனி வருகிற எந்த மானியத்திலும் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, முதலில் வரத்துக்காலுக்குக் கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் ஊர்க்காரர் பங்கு போட்டுச் செய்யவும் இது ஏற்ற வேலை.

நேரம் முக்கியம். மார்ச் பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து பேசுவதால் ஒரு எண்ணும் மாறாது, புத்தகம் அச்சாகியிருக்கும். மதிப்பீடு தயாராவது டிசம்பர் வாக்கில். அதற்கு முன்னால் உங்கள் ஒற்றைத் தாளை செயல் அலுவலர் மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நடப்பு வருடத்துக்கும் வழி இருக்கிறது. திருத்திய மதிப்பீடு போடும்போது அந்த 1,50,000ல் எவ்வளவு மீதி என்று கேட்டு, வேறு தலைப்புக்கு மாற்றுவதற்கு முன்னால் ஊஞ்சலுக்கும் மணலுக்கும் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, சாவி. கொடுக்கலாம். நடையாளர் சங்கத்துக்கு என்று கொடுக்காதீர்கள், பெயர் சொல்லி இரண்டு பேருக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வருடா வருடம் புதுப்பிக்கிற மாதிரி. காலை ஐந்துக்குத் திறப்பது அவர்கள் பொறுப்பு, எட்டு மணிக்குத் தோட்டக்காரர் வந்து பார்த்துக்கொள்வார். உடைந்த விளக்கு, ஒழுகும் குழாய் இருந்தால் அங்கேயே தொங்குகிற நோட்டில் எழுதிவிட்டுப் போகட்டும், உங்களுக்குச் சம்பளம் இல்லாத இரண்டு மேற்பார்வையாளர்கள் கிடைத்த மாதிரி. மோட்டார் அறைச் சாவி மட்டும் அந்தக் கொத்தில் சேர வேண்டாம்.